எட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அமெரிக்க பஸ்

கூப்பனை நான் வாங்கியது பஸ்ஸுக்குள்தான். நான் கண்டக்டராகப் போகும் பஸ், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு திரும்பும் சாயங்கால டிரிப், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டியிருந்தது. கொழிஞ்சாம்பாறைக்கு டிக்கெட் எடுத்த ஒரு பையன், "அக்கா, நான் உங்ககிட்ட ஒரு டிக்கெட் எடுத்தாச்சு. நீங்க எங்ககிட்ட ஒண்ணு எடுக்கோணும்" என்று மஞ்சள் தாளை நீட்டினான். 50 ரூபாய். பையில் இருக்கும் காசைத் தொட முடியாது, அது கணக்குக் காசு. என் சொந்தப் பர்ஸைத் திறந்துதான் கொடுத்தேன். தாளில் நாடகம் என்று இருந்தது, தேதி இருந்தது, குழுவின் பெயர் இல்லை. கேட்டேன். "இன்னும் வெக்கலீங்க்கா. மூணு பேரு சொன்னோம், மூணுலயும் சண்டை" என்றான்.

பெயரில்லாத அந்தக் குழுவின் நாடகத்தைச் சித்தூர் கொங்கன்படைத் திருவிழா முடிந்த அடுத்த சனிக்கிழமை ராத்திரி போய்ப் பார்த்தேன். மகளும் வந்தாள். என்னோடு வண்டி ஓட்டும் டிரைவர் சேட்டனும் டூட்டி முடிந்து நேராக வந்துவிட்டார். பார்த்ததை எழுதிவைக்கத் தோன்றியது. அடுத்த ஆட்டத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

போகலாம். ஒரு சால்வை எடுத்துக்கொண்டு போங்கள். தென்னந்தோப்பை ஒட்டிய வாயனசாலை (நூலகம்) முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். கணவாய்க் காற்று பின்திரையைத் தூக்கித் தூக்கி அடித்தது. திரையின் அடியில் செங்கல் கட்டித் தொங்கவிட்டிருந்தும் இரண்டு தடவை உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தவர்களை நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம்.

நாடகம் ஜாக்கி ராபின்சனைப் பற்றியது. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்குகளில் அறுபது வருஷம் போல வெள்ளைக்காரர்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கி அந்த வழக்கத்தை உடைத்த கறுப்பர் அவர். எங்கள் பக்கத்தில் பேஸ்பாலைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. வாலிபால் உண்டு, கபடி உண்டு, கிரிக்கெட்டும் கால்பந்தும் உண்டு. ஓட்டப் பந்தயத்துக்கு இந்த ஜில்லாவைக் கேட்கவே வேண்டாம், பி.யு. சித்ரா ஓடிய மண். நானும் பள்ளிக்கூடத்தில் 400 மீட்டர் ஓடியவள்தான், இப்போது பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் ஓடுகிறேன். அப்படியிருக்க, இந்தப் பிள்ளைகள் ஏன் கடல் தாண்டிப் போய் ஒரு கதையை எடுத்தார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

நடித்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். டைல்ஸ் ஒட்டப் போகிற பையன், வெல்டிங் கடைக்காரர், தையல் வேலை செய்யும் இரண்டு பெண்கள், பிளஸ் டூ பிள்ளைகள் மூன்று, கள்ளுக்கடையில் கணக்கெழுதி ஓய்ந்த பெரியவர் ஒருவர், இப்படி. யாரும் நடிப்புப் படித்தவர்கள் அல்ல. பாதிப் பேர் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். ஆனால் தெரியாத ஒரு ஆட்டத்தை எங்களுக்குப் புரியவைக்க அவர்கள் பிடித்த வழி இருக்கிறதே, அதற்கே என் 50 ரூபாய் சரியாகிவிட்டது.

நம்ம பாலக்காட்டுப் பக்கத்துப் பொறாட்டு நாடகம் பார்த்தவர்களுக்குச் சோத்யக்காரனைத் தெரியும். குறவன் குறத்தி, மண்ணான் மண்ணாத்தி என்று வேஷங்கள் ஒவ்வொன்றாக அரங்குக்கு வரும். மூலையில் நிற்கிற சோத்யக்காரன், நீ யாரு, எங்கிருந்து வர்றே, என்ன சாதி, ஏன் அழறே என்று தமிழும் மலையாளமும் கலந்து கேட்டுக்கொண்டே இருப்பான். அந்தக் கேள்விக்காரனை அப்படியே தூக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். கள்ளுக்கடைப் பெரியவர்தான் அது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்தினார். "பேஸ்பாலுன்னா என்ன?" "மட்டையால பந்த அடிச்சிட்டு நாலு மூலையையும் சுத்தி வரணும்." "சுத்தி வந்தா?" "வீட்டுக்கு வந்துட்டோம்னு அர்த்தம்." "வீட்டுக்கு வர்றதுக்கா இத்தன பாடு? எங்க தெருவுல நாய் தொரத்துனா சும்மாவே வந்துருவான்." விதிமுறை மூன்று நிமிஷத்தில் முடிந்தது. கூட்டம் சிரித்து அடங்குவதற்குள் எல்லோருக்கும் ஆட்டம் தெரிந்துவிட்டது.

அடுத்தது நிறம். மேடையில் நின்றவர்கள் எல்லோரும் நம் நிறம்தான், வெள்ளைக்காரனுக்கு எங்கே போவது? மாவு பூசிக்கொண்டு வருவார்களோ என்று பயந்தேன். பூசவில்லை. வெள்ளைக்காரனாக வருகிறவன் தோளில் வெள்ளைத் துண்டு போட்டிருந்தான். கறுப்பனாக வருகிறவன் அதே துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தான். அவ்வளவுதான் வேஷம். முன் வரிசையில் இருந்த கிழவர்கள் சிலர் அதைப் பார்த்த மாத்திரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். துண்டு எங்கே இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத பாடம். என் மகளுக்கு மட்டும் புரியவில்லை. "ஏம்மா எல்லாரும் துண்டையே பாக்கறாங்க?" என்று காதில் கேட்டாள்.

நாடகம் ராபின்சனில் தொடங்கவில்லை. முதல் இருபது நிமிஷம் பல்வங்கர் பாலு. இந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதானம் உருட்டி, வலை கட்டி, துரைமார்களின் பயிற்சிக்குப் பந்து போட்டவர். தோல் வேலை செய்யும் சமார் சாதிக்காரர். மாதச் சம்பளம் 4 ரூபாய். இடது கைச் சுழல்பந்து. அந்த வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க இந்து அணிக்கு அவர் கை வேண்டியிருந்தது. எனவே அணியில் எடுத்தார்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவில் டீ வந்தால் மற்ற பத்துப் பேருக்கும் உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே, மண் கோப்பையில்.

இந்தக் காட்சியில் வசனமே இல்லை. பாலுவாக வந்த டைல்ஸ்காரப் பையன் பந்தைத் துடைத்து அணித்தலைவனிடம் கொடுக்கிறான், அவன் கை நீட்டி வாங்குகிறான். இன்னொருவன் வாங்கித் தன் சட்டையில் தேய்க்கிறான். பந்து பத்துக் கையும் சுற்றி வருகிறது. அப்புறம் டீத் தட்டு வருகிறது. தட்டைக் கொண்டு வருகிறவன் பாலுவைத் தாண்டிப் போய் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, குனியாமல், மண் கோப்பையைத் தரையில் வைக்கிறான். பையன் உட்கார்ந்து அதை எடுக்கிறான். கேள்விக்காரர் இந்த ஒரு இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

அதே பாலு 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார் என்று பிறகு ஒரு பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனது. அணித்தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை, தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் கிடைத்தது என்பதையும் அதே மூச்சில் சொன்னது. இதில் தனியாக இன்னொரு நாடகம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு ஏன் கப்பல் ஏறினார்கள்? இந்த ஆதங்கம் கடைசி வரை போகவில்லை.

இனி பஸ்.

1944. ராபின்சன் அப்போது ராணுவத்தில் அதிகாரி, டெக்சஸ் மாநிலத்தில் ஒரு முகாமில். ராணுவ முகாமின் பஸ்ஸில் ஏறி நடுவில், சக அதிகாரி ஒருவரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்கிறார். டிரைவர் பின்னால் போகச் சொல்கிறான். இவர் போகவில்லை. ராணுவ போலீஸ் வருகிறது, ராணுவ நீதிமன்றத்தில் விசாரணை, கடைசியில் குற்றமில்லை என்று விடுவிக்கிறார்கள். இதேபோல பஸ்ஸில் சீட்டை விட மறுத்த கறுப்பர் பெண் ரோசா பார்க்ஸ் கைதானது 1955இல், இதற்குப் பதினொரு வருஷம் கழித்து.

மேடையில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டார்கள். முன்னால் ஒரு சைக்கிள் டயரைப் பிடித்துக்கொண்டு வெல்டிங் கடைக்காரர் டிரைவராக உட்கார்ந்தார். வண்டி குலுங்குவதை எட்டுப் பேரும் சேர்ந்து செய்தார்கள், நன்றாகவே குலுங்கியது. ராபின்சன் ஏறினார், துண்டு கக்கத்தில். உட்கார்ந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். நான் ஒரு கத்தலை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். டிரைவர் கத்தவில்லை. திரும்பாமலே, களைத்துப்போன குரலில், "கொஞ்சம் பின்னாடி போயிக்கங்க" என்றார்.

எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அது என் வசனம். ஒரு டிரிப்பில் நூறு தடவை சொல்வேன். அதே குரலில், அதே களைப்பில், யார் முகத்தையும் பார்க்காமல். டிரைவர் சேட்டன் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிக்கவில்லை.

என் வண்டியில் யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெண்களுக்கு முன்னால் சீட், மூத்தவர்களுக்குத் தனி சீட், அதெல்லாம் எழுதியிருக்கும். எழுதாமல் நடப்பதும் உண்டு. ஒரு பெரியவர் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்புவார், பெயர் தெரியாது. டிக்கெட்டுக்குச் சரியான சில்லறையை எண்ணி உள்ளங்கையில் வைத்திருப்பார், அதை என் கையில் படாமல் மேலிருந்து போடுவார். பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். "உக்காருங்க அய்யா, டிக்கெட் எடுத்திருக்கீங்கல்ல" என்றால், "நான் இப்பிடியே நின்னுக்கறேன் சாமி, எறங்கற எடம் வந்துருச்சு" என்பார். இறங்குகிற இடம் இன்னும் ஏழு ஸ்டாப் இருக்கும். அவர் துண்டும் கக்கத்தில்தான். நாலைந்து மாதமாக ஆளைக் காணோம்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். 1945 ஆகஸ்ட் 28. டாட்ஜர்ஸ் அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி என்ற வெள்ளைக்காரர், ராபின்சனைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்து மூன்று மணி நேரம் பேசுகிறார். என்ன திட்டினாலும், எதைத் தூக்கி எறிந்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது என்று வாக்கு வாங்குகிறார். எப்படியெல்லாம் அவமானப்படுத்துவார்கள் என்று தானே ஹோட்டல்காரனாகவும் எதிரணிக்காரனாகவும் நடித்துக் காட்டினாராம். ரிக்கியாக நடித்தவர் ஒவ்வொரு ஆளுக்கும் தோள் துண்டை வேறு வேறு மாதிரி மாற்றிப் போட்டு நடித்தார். ஹோட்டல்காரனுக்குக் கையில் மடித்து, ஆட்டக்காரனுக்குத் தலையில் கட்டி, ரயில்காரனுக்குக் கழுத்தில் சுற்றி. கைதட்டல் வாங்கியது, வாங்க வேண்டியதுதான்.

என் குறை இங்கேதான். பேச்சு முடிந்ததும் மேலேயிருந்து மஞ்சள் வெளிச்சம் ரிக்கி தலையில் விழுகிறது. வயலின் வாசிக்கிறது. பையன் கைகட்டி நிற்கிறான், பிரசாதம் வாங்க நிற்கிற மாதிரி. "உனக்கு இடம் கொடுத்தேன்" என்று ரிக்கி சொல்ல இடைவேளை விடுகிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பஸ்ஸில் எனக்கு என்ன காட்டினீர்கள்? டிக்கெட் எடுத்தவனுக்கு சீட் அவனுடையது, யாரும் கொடுக்க வேண்டியதில்லை என்றுதானே? ரிக்கி செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. மாதம் 600 டாலர் சம்பளம், முன்பணம் 3,500 டாலர், எல்லாம் சரி. ஆனால் ராபின்சன் அதற்கு முன் ஆடிய கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பர் அணிக்கு அவர் ஒரு சல்லிக்காசு கொடுக்கவில்லை. வெளிச்சம் போடுகிறவருக்கு அது தெரிந்திருந்தால் பல்பை அணைத்திருப்பார்.

இடைவேளையில் ஒரு வித்தை செய்து பார்த்தார்கள். மஞ்சள் கூப்பன்காரர்களுக்கு மண் கோப்பையில் கட்டன் சாயா, வெள்ளைக் கூப்பன்காரர்களுக்குப் பேப்பர் கப்பில். பாலுவுக்கு நடந்தது நமக்கும் நடக்கட்டும் என்ற எண்ணம் போல. பாவம், கவிழ்ந்துவிட்டது. இப்போது ஹைவே கடைகளில் மண் கோப்பை டீ என்றால் விலை ஜாஸ்தி, போட்டோ வேறு எடுக்கிறார்கள். வெள்ளைக் கூப்பன் வைத்திருந்தவர்கள் "எங்களுக்கும் மண்ணுலயே குடுங்க" என்று சண்டைக்கு நின்றார்கள். என் மகள் குடித்து முடித்து, கழுவி, பைக்குள் போட்டுக்கொண்டாள். பரிப்பு வடை மட்டும் ஒன்றாம் தரம், சூடாக இருந்தது, 10 ரூபாய்.

இடைவேளைக்குப் பிறகு திரை விலகியதும் மறுபடியும் அதே எட்டு நாற்காலி. எனக்குப் புரியவில்லை, ஒரே பஸ்ஸையா திரும்பக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். இது 1946. கல்யாணமாகி மாதம்கூட ஆகவில்லை. மனைவி ரேச்சலோடு புளோரிடாவுக்குப் பயிற்சிக்குப் போகிறார். விமானத்தில் இடம் பறிபோய், பஸ் பிடிக்கிறார்கள். டிரைவர் அதே வெல்டிங் கடைக்காரர், அதே சைக்கிள் டயர், அதே குரல். "கொஞ்சம் பின்னாடி போயிக்கங்க."

இந்தத் தடவை ராபின்சன் எழுந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மனைவியின் பையை எடுத்துக்கொண்டு கடைசி நாற்காலிக்குப் போனார். வாக்குக் கொடுத்தாயிற்று அல்லவா. கேள்விக்காரர் அவர் கூடவே நடந்து போய், "ரெண்டு வருஷத்துக்கு முந்தி மாட்டேன்னு உக்காந்தியே, இப்ப என்னாச்சு?" என்று கேட்டார். பதில் இல்லை. ரேச்சலாக வந்த தையல்காரப் பெண் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. ரிக்கி இருபத்தைந்து நிமிஷம் பேசி விளக்கியதை அந்த ஆறடி நடை விளக்கிவிட்டது. இதை எழுதியவருக்கு என் சல்யூட். அந்தப் பெண்ணுக்கு நாடகம் முழுக்க இதுதான் உருப்படியான காட்சி, மிச்ச நேரம் பெட்டி தூக்குவதும் தண்ணீர் கொடுப்பதுமாக விட்டுவிட்டார்கள். ரேச்சல் நர்ஸிங் படித்தவர், அதையாவது யாராவது சொல்லியிருக்கலாம்.

1947க்கு வந்தால் பிலடெல்பியா அணியின் மேனேஜர் பென் சாப்மன் வசை பாடுகிற காட்சி. அந்தக் கெட்ட வார்த்தைகளைத் தமிழில் எப்படிச் சொல்வார்கள்? சொல்லவில்லை. சாப்மன் வாயசைக்கும்போதெல்லாம் பறை ஒரு அடி விழுகிறது. கேள்விக்காரர் "என்ன சொன்னான்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார். "சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரியும்" என்று தானே பதிலும் சொல்கிறார். உண்மையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் யாரையும் பார்க்கவில்லை. அருமையான யோசனை. ஆனால் பறையையா வசைக்கு அடிப்பது என்று பின் வரிசையில் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. வேறு ஏதாவது, தகர டப்பாவோ என்னவோ, வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டக் காட்சிகளைத் தோல்பாவைக்கூத்து மாதிரி திரைக்குப் பின்னால் நிழலாகக் காட்டினார்கள். நம்ம கோயில்களில் கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே பாடி நிழலாட்டம் ஆடுகிற மண் இது, திரைக்குப் பின்னால் விளக்கு வைக்க இங்கே பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். தேங்காய் மூடி விளக்குக்குப் பதில் எல்.இ.டி., அவ்வளவுதான் வித்தியாசம். ராபின்சன் பேஸ் திருடுவதில், அதாவது பந்து அடிபடாமலே அடுத்த மூலைக்கு ஓடிவிடுவதில், கெட்டிக்காரர், முதல் வருஷமே 29. "திருடுறதுன்னா போலீஸ் புடிக்காதா?" என்று கேள்விக்காரர் கேட்க, "புடிக்கிறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா திருட்டு இல்ல" என்று நிழல் பதில் சொல்லிவிட்டு ஓடியது. காற்று திரையை ஆட்டியதில் நிழல் நிஜமாகவே பறந்தது. இதை மட்டும் இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் எஃபா மேன்லி. இப்படி ஒருவர் இருந்தார் என்பதே புதுச் செய்தி. நூவர்க் ஈகிள்ஸ் என்ற கறுப்பர் அணியைக் கணவரோடு சேர்ந்து நடத்திய பெண், கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். ராபின்சன் வந்து மூன்று மாதத்துக்குள், 1947 ஜூலையில், அவர் அணியின் லாரி டோபியைக் கிளீவ்லாண்ட் அணி எடுக்க வந்தபோது, சும்மா தர முடியாது என்று சொல்லி, பேசி, 15,000 டாலருக்கு ஏற்பாடு செய்துகொண்டார். மேடையில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு கணக்கு நோட்டோடு வந்தாள். "சந்தையில மாட்ட ஓட்டிட்டுப் போனாக்கூட வெல பேசித்தான் ஓட்டுவாங்க. எங்க ஆள ஓட்டிட்டுப் போறீங்க, ஒரு வார்த்த கேக்கல" என்றாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். விசில் பறந்தது. ராத்திரி கணக்கு முடித்துப் பணம் கட்டுகிற எனக்கு அவள் நோட்டைப் புரட்டிய விதமே போதும். 2006இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் எஃபா மேன்லி பெயரைச் சேர்த்தார்கள், அங்கே இடம் பிடித்த முதல் பெண் அவர்தான்.

இடைவேளைக்கு முன்னால் எரிந்த மஞ்சள் பல்புக்குச் சரியான பதில் இந்தக் காட்சி. ஆனால் அது வெறும் எட்டு நிமிஷம். ரிக்கிக்கு இருபத்தைந்து. அடுத்த ஆட்டத்தில் இதைக் கொஞ்சம் மாற்றி அளந்தால் நாடகம் தன் காலில் நிற்கும். கறுப்பர் லீக்கில் காலமெல்லாம் ஆடிய ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்னால், 35 வயதில் செத்துப்போனார். சாட்செல் பெய்ஜுக்குப் பெரிய லீக்கில் இடம் கிடைத்தது 1948இல், வயது 42. கடைசி ஸ்டாப் வரும்போது சீட் கிடைத்த மாதிரி. இவர்கள் இரண்டு பேரும் ஒரே வசனத்தில் வந்து போனார்கள். பெயரைக் கேட்டு நிமிர்வதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

பீ வீ ரீஸ் காட்சியையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கார சக ஆட்டக்காரர் மைதானத்தில் எல்லோர் முன்னாலும் ராபின்சன் தோளில் கை போட்ட கதை. இதற்குச் சிலைகூட வைத்திருக்கிறார்கள், புரூக்ளினில், 2005இல். மேடையில் ரீஸ் தன் துண்டை எடுத்து ராபின்சன் தோளில் போடப் போகிறார். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன், உண்மை. அந்த நேரம் பார்த்துக் கேள்விக்காரர் குறுக்கே வந்து, "இது எந்த வருஷம் நடந்துச்சு? எந்த ஊர்ல? யாரு பாத்தது?" என்று கேட்டார். ஒருவன் 1947 என்றான், இன்னொருவன் 1948 என்றான், ஒருவன் சின்சினாட்டி என்றான், ஒருவன் பாஸ்டன் என்றான். எது சரி என்று அந்த ஊரிலேயே இன்னும் சண்டை தீரவில்லையாம். துண்டு பாதி வழியில் ரீஸ் கையிலேயே நின்றுவிட்டது. ராபின்சன் தன் கக்கத்துத் துண்டைத் தானே எடுத்து, உதறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோளில் போட்டுக்கொண்டு ஆடப் போனார். நான் கைக்குட்டையை உள்ளே வைத்துக்கொண்டேன்.

அதோடு முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. 42 என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு பத்துப் பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். அந்த எண்ணை 1997இல் எல்லா அணிகளும் அவருக்காக ஒதுக்கிவைத்தது, வருஷா வருஷம் ஏப்ரல் 15 அன்று எல்லோரும் அதைப் போட்டு ஆடுவது, இதையெல்லாம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பனியனில் 4 தலைகீழாக ஒட்டியிருந்தது வேறு.

மற்றபடி: மைக் ஒன்றுதான், அதையும் டிரைவரின் சைக்கிள் டயரோடு கட்டியிருந்தார்கள், அதனால் பஸ் காட்சி மட்டும் கணீரென்று கேட்டது. வலப்பக்கம் உட்காராதீர்கள், ஜெனரேட்டர் அங்கே. இரண்டு மணி நேரம் என்று தாளில் இருந்தது, இரண்டே முக்கால் ஆயிற்று. ஒன்பதரைக்குப் பிறகு எங்கள் பக்கம் பஸ் குறைவு என்று கண்டக்டர் சொன்னால் நம்பலாம், வண்டி வைத்திருப்பவர்களோடு சேர்ந்து போங்கள். சின்னப் பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம், நிழல் காட்சியில் அசைய மாட்டார்கள். தமிழ் புரியாத மலையாளிகளும் வரலாம். டிரைவர் சேட்டனுக்கு எல்லாம் புரிந்தது, ஒரே ஒரு புகார் சொன்னார்: "அவன் ஸ்டீயரிங் பிடிச்சது சரியில்ல. அப்படிப் பிடிச்சா வண்டி தத்தமங்கலம் குளத்திலே போகும்."

அடுத்த ஆட்டம் வேலந்தாவளம் பக்கம் என்று சொன்னார்கள், தேதி இன்னும் முடிவாகவில்லை. முடிந்து வெளியே வரும்போது கூப்பன் விற்ற பையன் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தான். பல்பைப் பற்றிச் சொன்னேன், எஃபா மேன்லியைப் பற்றிச் சொன்னேன், தலையாட்டினான். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். பஸ் கிளம்பும்போதெல்லாம் விசில் அடிக்கிறீர்கள். விசில் தமிழ்நாட்டு பஸ்ஸுக்கு. நம்ம பஸ்ஸில் கயிறும் மணியும். மணி ஒரு தடவை அடித்தால் நிற்கும், இரண்டு தடவை அடித்தால் கிளம்பும்.

"டெக்சஸ்ல எதுங்க்கா?" என்றான்.

அங்கே கண்டக்டர் உண்டா என்றே தெரியாத நான் என்னத்தைச் சொல்வது? ஆனால் கழற்றிப் போட்ட பழைய பித்தளை மணி ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. கொண்டு வந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கயிறு மட்டும் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.